'பத்திரமா இருக்கு சார்': மின் காப்பகங்களைத் தணிக்கை செய்த கதை

2008-இல் கும்பகோணம் பக்கத்து ஊர் ஒன்றில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் வீட்டில் ஏழு பேரேடுகளைப் படம் எடுத்தேன். பழைய சத்திரம் ஒன்றின் கணக்குகள். அரிசி எத்தனை படி, விறகு எத்தனை வண்டி, வழிப்போக்கர் எத்தனை பேர், எல்லாம் தமிழ் எண்களில். மொத்தம் 1,140 பக்கம். மூன்று வார இறுதிகள் ஆனது. ஐயாவின் பழைய மாணவர் ஒருவர் டிடிபி சென்டர் வைத்திருந்தார். ஐயா வாசிக்க வாசிக்க அவர் இரண்டு பேரேடுகளைத் தட்டச்சு செய்தார். எல்லாவற்றையும் டிவிடியில் போட்டு, மின் சேகரிப்பு நடத்திவந்த ஒரு நிறுவனத்திடம் ஒரு பிரதி கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

2022-இல் ஒரு கட்டுரைக்காக ஒரே ஒரு வரி தேவைப்பட்டது. பஞ்ச காலத்து மாதம் ஒன்றில் நெல் என்ன விலைக்கு வாங்கினார்கள் என்ற வரி. என் ஹார்ட் டிஸ்க் எப்போதோ செத்துப்போயிருந்தது. டிவிடி சுழன்றது, படிக்கவில்லை. ஐயா காலமாகிவிட்டார். அம்மாவுக்குப் போன் செய்தேன். "செல்லரிச்சுப் போச்சு தம்பி, வீடு வெள்ளையடிக்கிறப்ப பழைய பேப்பர்காரருக்குப் போட்டுட்டோம். நீங்கதான் படம் எடுத்து வச்சிருக்கீங்களேன்னு நெனச்சோம்" என்றார். அவர்மேல் என்ன தப்பு?

நிறுவனத்தைக் கேட்டேன். "பத்திரமா இருக்கு சார்" என்றார்கள். நாலு மாதம் கழித்துப் பிரதி வந்தது. எண்ணிக்கை சரி, 1,140 ஃபைல். ஆனால் 63 படங்கள் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். எப்போது கெட்டது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. பேக்கப்பைப் பார்க்கச் சொன்னேன். பேக்கப்பிலும் அதே 63. கெட்ட ஃபைலை ஒழுங்காகப் பிரதி எடுத்து வைத்திருந்தார்கள்.

நான் பிழைப்புக்குச் செய்யும் வேலையே தரவுகளைச் சேமிக்கும் மென்பொருள்தான். ஆபீஸில் ஒரு வங்கிக்காரர் "பத்திரமா இருக்கா?" என்று கேட்டால் பத்து ஆதாரம் காட்டுவோம். ஐயா வீட்டுப் பேரேட்டுக்கு மட்டும் நான் ஒரு கேள்வியும் கேட்காமல் டிவிடியை நீட்டியிருக்கிறேன். என்ன கேட்டிருக்க வேண்டும்? அதைத் தேடிப் போனபோதுதான், இதே கேள்வியைப் பல வருடங்களாக நூலகர்களும் விண்வெளிக்காரர்களும் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தக் கதை தமிழில் எழுதப்பட்டு நான் பார்த்ததில்லை. அதனால் இது.

கதை அமெரிக்காவில் 1994 டிசம்பரில் ஆரம்பிக்கிறது. நூல் பாதுகாப்புக்கான ஒரு ஆணையமும் ஆராய்ச்சி நூலகங்களின் கூட்டமைப்பான ஆர்எல்ஜியும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. டொனால்ட் வாட்டர்ஸ், ஜான் காரெட் இருவரும் தலைமை. 1996-இல் அறிக்கை வந்தது. அதற்கு முன்பு எல்லோரும் ஊடகத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த டேப் எத்தனை வருடம் தாங்கும், எந்த சிடி நல்ல சிடி என்று. இந்த அறிக்கை பேச்சை நிறுவனத்தின் பக்கம் திருப்பியது. காப்பகம் என்று ஒருவர் தன்னைத்தானே சொல்லிக்கொண்டால் போதாது, அதை வெளியிலிருந்து ஒருவர் சோதித்துச் சான்று தர வேண்டும் என்றது. இன்றுள்ள எல்லாத் தணிக்கை முறைகளுக்கும் தாய்வீடு அதுதான்.

அதே அறிக்கையில் ஒரு பிரபலமான கதையும் வருகிறது. 1960 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் டேப்புகளைப் படிக்கக்கூடிய கருவி உலகத்திலேயே இரண்டுதான் மிச்சம், ஒன்று ஜப்பானில், இன்னொன்று அருங்காட்சியகத்தில் என்ற கதை. இதை எத்தனை மேடையில் கேட்டிருப்பேன்! அந்தக் கதை அப்படியே உண்மையில்லை. 1970-களின் நடுவில் அந்த யுனிவாக் டேப் கருவிகள் வழக்கொழிந்துவிட்டது நிஜம். ஆனால் கணக்கெடுப்புத் துறையும் தேசியக் காப்பகமும் மல்லுக்கட்டி 1979-க்குள் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மீட்டுவிட்டன. பதிவுகளில் மிகச் சிறு பகுதிதான் போனது. மீட்டதால்தான் நமக்கு எது போனது என்ற எண்ணிக்கை தெரியும். என் 63-ஐ நான் எண்ணிப் பார்த்ததும் அப்படித்தான்.

இன்னொரு வேடிக்கை. அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கிய இரண்டு அமைப்புகளும் இன்று அந்தப் பெயரில் இல்லை. ஆணையம் 1997-இல் இன்னொரு அமைப்போடு இணைந்து வேறு பெயர் எடுத்தது. ஆர்எல்ஜி 2006-இல் ஓசிஎல்சி என்ற பெரிய நூலகக் கூட்டுறவுக்குள் கரைந்தது. ஆனால் அறிக்கை இருக்கிறது, இன்றும் இறக்கிப் படிக்கலாம். யாரோ பொறுப்பை வாங்கிக்கொண்டார்கள் என்று அர்த்தம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

இன்னொரு பக்கம் நாசா முதலான விண்வெளி நிறுவனங்கள். அவர்களுக்கு டேப் தலைவலி நம்மைவிடப் பெரிது. அப்பல்லோ 11 நிலவில் இறங்கியபோது வந்த மூல சிக்னல் பதிவான டேப்புகளைத் தேடு தேடு என்று தேடி, அவை பெரும்பாலும் அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்கும் என்று 2009-இல் நாசாவே ஒப்புக்கொண்டது. இந்த நிறுவனங்களின் தரவுத் தரங்களுக்கான கூட்டுக்குழு, 1990-களின் நடுவில் ஒரு காப்பகம் எப்படி இயங்க வேண்டும் என்று பொது மாதிரி வரையத் தொடங்கியது. 2002-இல் முடிந்து, 2003-இல் ஐஎஸ்ஓ 14721 ஆனது. ஓஏஐஎஸ் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதில் எந்தக் கம்பெனி சர்வர், எந்த மென்பொருள் என்று ஒரு வார்த்தை கிடையாது. பொருள் உள்ளே வரும்போது எந்த மூட்டையாக வருகிறது, உள்ளே எந்த மூட்டையாக இருக்கிறது, கேட்பவருக்கு எந்த மூட்டையாகப் போகிறது என்பதும், யார் எதற்குப் பொறுப்பு என்பதும்தான்.

அதில் எனக்கு முக்கியமாகப் பட்ட கருத்து ஒன்று உண்டு. யாருக்காக வைத்திருக்கிறீர்கள் என்று காப்பகம் முதலிலேயே சொல்ல வேண்டும். அந்தச் சமூகம், தரவை உருவாக்கினவரைத் தேடிப்போய்க் கேட்காமல், தானாகவே அதைப் புரிந்துகொள்ள முடிய வேண்டும். அப்படிப் புரிந்துகொள்ளத் தேவையான விளக்கத் தகவலையும் தரவோடு சேர்த்தே வைக்க வேண்டும்.

தமிழில் கம்ப்யூட்டரைத் தொட்ட என் வயதுக்காரர்களுக்கு இதைப் பாடம் எடுக்க வேண்டாம். யூனிகோட் பரவுவதற்கு முன் ஒவ்வொரு ஃபாண்டும் ஒவ்வொரு தனி நாடு. பாமினியில் அடித்தது இன்னொன்றில் திறக்காது. திஸ்கி வந்தது, 1999 சென்னை மாநாட்டை ஒட்டித் தாம், தாப் என்று தரங்கள் வந்தன, டிடிபிக்காரர்கள் பாட்டுக்குத் தங்கள் சொந்த ஃபாண்டில் அடித்துக்கொண்டிருந்தார்கள். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் போட்டு, பிறகு யூனிகோடுக்கு மாற்றியது. அந்த மாற்றம் சாத்தியமானதற்குக் காரணம், எந்தக் குறியேற்றம் என்று தெரிந்திருந்ததுதான்.

ஐயாவின் மாணவர் அடித்த ஃபைலைத் திறந்தேன். கோழி கிண்டிய மாதிரி இருந்தது. ஒரு பைட் கூடக் கெடவில்லை, ஆனால் ஒரு எழுத்துகூடப் படிக்க முடியவில்லை. ஃபாண்டின் பெயரைக் குறித்து வைக்காதது யார்? நிறுவனமா? இல்லை, நான்தான். ஒரு வரி ரீட்மீ ஃபைல் போட எனக்கு 2008-இல் தோன்றவில்லை, இத்தனைக்கும் பி.இ. கம்ப்யூட்டர் சயன்ஸ்.

சரி, கதைக்கு வருவோம். மாதிரி இருந்தால் மட்டும் போதுமா? நாங்கள் ஓஏஐஎஸ் முறைப்படிதான் நடத்துகிறோம் என்று ஆளாளுக்குப் போர்டு மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார்கள். 2002-இல் ஆர்எல்ஜியும் ஓசிஎல்சியும் சேர்ந்து, நம்பத் தகுந்த காப்பகத்துக்கு என்னென்ன குணம் வேண்டும் என்று ஓர் அறிக்கை போட்டன. ஏழு குணங்கள். அதில் தொழில்நுட்பம் பற்றியது கொஞ்சம்தான். நிர்வாகப் பொறுப்பு, நிறுவனம் நிலைத்து நிற்குமா, பணம் தொடர்ந்து வருமா, செய்ததை எழுதி வைக்கிறார்களா என்பவைதான் அதிகம். 2003-இல் அமெரிக்க தேசியக் காப்பகமும் சேர்ந்துகொண்டு, அந்தக் குணங்களைச் சோதிக்கக்கூடிய கேள்விகளாக மாற்ற ஒரு குழு அமைத்தார்கள். வரைவை வைத்துச் சில காப்பகங்களில் நிஜமாகவே தணிக்கை நடத்திப் பார்த்து, 2007-இல் இறுதிப் பட்டியல் வந்தது. ட்ராக் என்று பெயர், 84 நிபந்தனைகள். ஜெர்மனியில் நெஸ்டார் குழு தனக்கென்று ஒரு பட்டியல் போட்டது. பிரிட்டன் பக்கம் ட்ரம்போரா என்று ஒரு முறை: உனக்கு என்னென்ன ஆபத்து வரலாம் என்று நீயே உட்கார்ந்து எழுது என்றார்கள். எனக்கு அது பிடிக்கும், ஆனால் அது பெரிதாக ஓடவில்லை.

ட்ராக் பட்டியலை வைத்து, சிகாகோவிலுள்ள ஆராய்ச்சி நூலக மையம் தணிக்கை செய்யத் தொடங்கியது. மின் இதழ்களைப் பாதுகாக்கும் போர்ட்டிகோ 2010-இல் சான்று பெற்றது. அடுத்த வருடம் ஹாத்தி டிரஸ்ட், பல்கலைக்கழக நூலகங்கள் ஸ்கேன் செய்த லட்சக்கணக்கான புத்தகங்கள் உள்ள இடம். பழைய தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்கள் அங்கே போயிருப்பீர்கள். அவர்களுடைய மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். தொழில்நுட்பத்துக்கு ஐந்துக்கு 4, பொருள்களைக் கையாள்வதற்கு 3, நிறுவன அமைப்புக்கு 2. சான்று கிடைத்துவிட்டது, ஆனால் எங்கே கால் ஊன்றவில்லை என்பதும் ஊருக்கே தெரியும். நம் ஊரில் இப்படி ஒரு 2-ஐத் தன் பெயருக்கு எதிரே போட்டுக்கொள்ளச் சம்மதிக்கிற நிறுவனத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

நிறுவன அமைப்பு என்பதில் வருகிற ஒரு கேள்விதான் எல்லாவற்றிலும் கறாரானது: நாளைக்கு நீ மூடிவிட்டால், உன்னிடம் இருப்பதை யார் வாங்கிக்கொள்வார்? எழுத்தில் இருக்கிறதா? கற்பனையான கேள்வி இல்லை இது. பிரிட்டனில் கலை, மானுடவியல் ஆய்வுத் தரவுகளுக்காக 1996 முதல் ஒரு தேசியச் சேவை நடந்தது. 2007-இல் நிதி தருகிறவர்கள், அடுத்த ஏப்ரலிலிருந்து பணம் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். சர்வர் எரியவில்லை, வைரஸ் வரவில்லை. ஒரு கமிட்டி முடிவுதான். அதன் கிளைகளில் யார்க் பல்கலைக்கழகத்தில் இருந்த தொல்லியல் தரவு மையம் தனியாகக் காலூன்றித் தொடர்ந்தது. நமக்குத் தெரிந்த உதாரணம் வேண்டுமென்றால் ஜியோசிட்டீஸ். ஆரம்ப காலத் தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ அங்கேதான் இருந்தன. 2009 அக்டோபரில் யாஹூ அதை மூடியது.

ஸ்டான்ஃபோர்டில் லாக்ஸ் என்ற முறையை உருவாக்கிய டேவிட் ரோசந்தாலும் நண்பர்களும் 2005-இல் ஒரு கட்டுரையில் காப்பகத்துக்கு வரக்கூடிய ஆபத்துகளைப் பட்டியல் போட்டார்கள். டிஸ்க் பழுது, மென்பொருள் வழக்கொழிவு, இயற்கைச் சீற்றம், வெளியாள் தாக்குதல் எல்லாம் உண்டு. கூடவே இயக்குபவரின் தவறு, உள்ளாள் தாக்குதல், பணம் தீர்ந்துபோதல், நிறுவனம் கலைதல். என்னை மாதிரி ஆட்கள் முதல் வகையைப் பற்றி மட்டும் மணிக்கணக்கில் பேசுவோம்.

ஐரோப்பாவில் இன்னொரு பாதை. நெதர்லாந்தின் டான்ஸ் என்ற தரவுக் காப்பகம், 84 நிபந்தனைக்குச் சின்ன காப்பகங்கள் எங்கே போகும் என்று யோசித்து 16 வழிகாட்டுதல்களோடு எளிய முத்திரை ஒன்றைக் கொண்டுவந்தது. நீங்களே பதில் எழுத வேண்டும், ஆதாரத்தைப் பொதுவெளியில் காட்ட வேண்டும், சக காப்பகத்துக்காரர்கள் படித்துப் பார்ப்பார்கள். அது 2017-இல் உலகத் தரவு அமைப்பின் முத்திரையோடு இணைந்து கோர்டிரஸ்ட்சீல் ஆனது. நூற்றுக்கும் மேற்பட்ட காப்பகங்கள் அதை வாங்கியிருக்கின்றன. மூன்று வருடம்தான் செல்லும், பிறகு மறுபடி பரீட்சை.

கனமான பாதை ஐஎஸ்ஓ பக்கம் போனது. ட்ராக் பட்டியலை எடுத்து, டேவிட் ஜியரெட்டா தலைமையில் ஒரு குழு செதுக்கி, 2012-இல் ஐஎஸ்ஓ 16363 வந்தது. 109 அளவுகோல்கள். நிறுவனம், பொருள்களைக் கையாளுதல், உள்கட்டமைப்பும் பாதுகாப்பும் என்று மூன்று பாகம். அதோடு நிற்கவில்லை. தணிக்கை செய்ய வருகிறவருக்கு என்ன தகுதி என்று 2014-இல் ஐஎஸ்ஓ 16919 என்று தனித் தரமே போட்டார்கள்.

இங்கேதான் எனக்கு ஆச்சரியம். இந்தத் தரத்தின்படி உலகத்திலேயே முதலில் சான்று பெற்றது யார் தெரியுமா? அமெரிக்கா இல்லை, ஜெர்மனி இல்லை. டெல்லியில் இந்திரா காந்தி தேசியக் கலை மையத்தில் இருக்கும் தேசியப் பண்பாட்டு ஒலி ஒளிக் காப்பகம். 2017 நவம்பரில். நாட்டின் பல நிறுவனங்களில் டேப்பாகத் தூங்கிக்கொண்டிருந்த வெளியிடப்படாத இசை, நாட்டியம், நாட்டார் கலைப் பதிவுகளை, சுமார் 30,000 மணி நேரம் என்ற இலக்கோடு டிஜிட்டலாக்கிய திட்டம் அது. மென்பொருள், முறைகள் எல்லாம் புனே சிடாக் செய்துகொடுத்தது. தணிக்கை செய்தது பிரிட்டனின் பீடேப் அமைப்பு. அமெரிக்க அரசு வெளியீட்டு அலுவலகம் அதற்கு அடுத்த வருட டிசம்பரில்தான் இரண்டாவதாக வந்தது. இந்தச் செய்தி நம் ஊர் ஆய்வு வட்டத்தில் பேசப்பட்டு நான் கேட்டதே இல்லை. கிரிக்கெட்டில் இரண்டாவதாக வந்தாலே தெருவில் வெடி வெடிக்கிறோம்.

109 அளவுகோலில் என் 63 ஃபைலைக் காப்பாற்றியிருக்கக்கூடியது எது என்று தேடினேன். நேராகவே இருக்கிறது: பொருள்கள் மாறாமல் இருக்கின்றனவா என்று காப்பகம் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும். நடைமுறையில் அது ஹேஷ். ஃபைல் உள்ளே வரும்போதே அதன் பைட்டுகளை வைத்து ஒரு கைரேகை எண் கணக்கிட்டு, ஃபைல் இருக்கும் இடத்தில் இல்லாமல் தனியாக வைத்துவிட வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை எல்லா ஃபைலையும் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் மொத்தமாக மாறிவிடும். மாறின அன்றே தெரிந்தால், நல்ல பிரதியிலிருந்து எடுத்து வைத்துவிடலாம். தெரியாவிட்டால் கெட்ட பிரதி மெதுவாக எல்லா பேக்கப்புக்கும் ஏறிவிடும். 1,140 படங்களுக்கு ஹேஷ் எடுக்கச் சாதாரண கம்ப்யூட்டரில் டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். செலவு பூஜ்யம். தணிக்கையாளர் வந்து "பார்க்கிறீர்களா?" என்று மட்டும் கேட்க மாட்டார். "போன முறை பார்த்த பதிவேட்டைக் காட்டுங்கள், பிழை வந்தபோது என்ன செய்தீர்கள் என்று காட்டுங்கள்" என்பார்.

சான்றிதழ் இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல வரவில்லை. ஐஎஸ்ஓ 16363 வாங்கியவர்கள் இன்னும் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். செலவும் உழைப்பும் அப்படி. தணிக்கையாளர் பெரும்பாலும் ஆவணங்களைத்தான் பார்க்கிறார். கம்பெனியில் ஐஎஸ்ஓ ஆடிட்டுக்கு முதல்நாள் ராத்திரி ஃபைல் தயாரித்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். நானே தயாரித்திருக்கிறேன்.

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த ரான்சம்வேர் தாக்குதலையும் இங்கே சொல்ல வேண்டும். மாதக்கணக்கில் சேவைகள் முடங்கின. அழிந்துவரும் ஆவணங்களுக்கான அதன் திட்டத்தில் ரோஜா முத்தையா நூலகமும் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனமும் சேர்த்த தமிழ்நாட்டுத் தொகுப்புகளும் உண்டு. அவையும் பார்க்கக் கிடைக்காமல் போயின. அடுத்த மார்ச்சில் நூலகமே வெளிப்படையாக ஓர் அறிக்கை தந்தது. மின் தொகுப்புகளின் பிரதிகள் பத்திரமாக இருந்தன. ஆனால் திரும்ப ஏற்றுவதற்கு வேலை செய்கிற கட்டமைப்பு இல்லை, பழைய அமைப்புகளை மறுபடி எழுப்பவே முடியவில்லை என்று எழுதியிருந்தார்கள். அந்த அறிக்கையைத் தமிழ்நாட்டில் மின் நூலகம் நடத்துகிற ஒவ்வொருவரும் ஒருமுறை படிக்க வேண்டும்.

நான் அந்த நிறுவனத்துக்கு ஐந்து கேள்விகளோடு ஒரு கடிதம் எழுதினேன். எங்கே எத்தனை பிரதி, எத்தனை நாளைக்கு ஒருமுறை சரிபார்க்கிறீர்கள், ஃபைலோடு என்னென்ன விவரம் வைக்கிறீர்கள், பணம் நின்றால் யாருக்குப் போகும், இதெல்லாம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரண்டுக்குப் பதில் வந்தது. வேலை பார்க்கிற பையன் நேர்மையானவர். சரிபார்ப்பதில்லை என்று எழுதியிருந்தார். இந்த வருடம் ஹேஷ் எடுக்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

டிடிபி மாணவரையும் கண்டுபிடித்தேன். சென்டரை மூடிவிட்டு இப்போது ஃபிளெக்ஸ் போர்டு அடிக்கிறார். அவர் வீட்டுப் பரணில் விண்டோஸ் 98 பெட்டி ஒன்று இருந்தது, உயிர் வந்தது, ஃபாண்டும் கிடைத்தது. குறியேற்ற மாற்றி ஒன்றை இரண்டு இரவில் எழுதி, தட்டச்சுப் பிரதியை யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். நெல் விலை வரி அதில் இருக்கிறது. கலத்துக்கு இத்தனை ரூபாய் என்ற இடத்தில் ௨ என்று அடித்திருக்கிறார். அந்த ஏட்டின் மங்கின கையெழுத்தில் ௨-ம் ௮-ம் ஒன்றுபோலத் தெரியும், ஐயாவே பல இடத்தில் நின்று நின்றுதான் வாசித்தார். இரண்டு ரூபாய் என்றால் சாதாரண வருடம், எட்டு ரூபாய் என்றால் ஊரே பட்டினி. மூலப்படத்தைத் திறந்து பார்த்தேன். 63-இல் ஒன்று அது. அந்த வரி சாம்பலுக்குள் இருக்கிறது.